வாசகர் கேள்வி-பதில்: மெயின்ஃபிரேம் பரிவர்த்தனை ரெக்கார்டுகளை ஒன்று சேர்ப்பது

கேள்வி: சிஐசிஎஸ் (பரிவர்த்தனைகளை நடத்தும் மென்பொருள்) எழுதும் எஸ்எம்எஃப் (மெயின்ஃபிரேமின் கணக்குப் பதிவு) வகை 110 ரெக்கார்டையும் டிபி2 (தரவுத்தளம்) எழுதும் வகை 101 ரெக்கார்டையும், பரிவர்த்தனைப் பெயர், ரெக்கார்டின் தலைப்பில் (ஹெடரில்) உள்ள நேரம் ஆகிய இரண்டையும் வைத்து இணைக்கிறோம். நிறைய ரெக்கார்டுகளுக்கு ஜோடி கிடைப்பதில்லை. கிடைத்ததிலும் சில தவறு. எங்கே பிசகு?

பதில்: நேரத்தைச் சாவியாக எடுத்ததில்தான். எஸ்எம்எஃப் தலைப்பில் இருப்பது ரெக்கார்டு எஸ்எம்எஃப் பஃபருக்குள் போன நேரம். பரிவர்த்தனை நடந்த நேரம் அல்ல. சிஐசிஎஸ் பல பரிவர்த்தனைகளின் விவரத்தைத் தன்னிடம் சேர்த்துவைத்து, இடம் நிரம்பிய பிறகு ஒரே 110 ரெக்கார்டாகத் தள்ளும். ஆகவே அதில் உள்ள முதல் பரிவர்த்தனை எப்போதோ முடிந்திருக்கும்.

தலைப்பைக் கையால் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நீளத்தைச் சொல்லும் 4 பைட்டையும் சேர்த்து எண்ணினால், 6-ஆவது பைட்டில் ரெக்கார்டு வகை, 7 முதல் 10 வரை நேரம், 11 முதல் 14 வரை தேதி. நேரம் ஹெக்ஸில் 00359000 என்றால் 35,10,272. நள்ளிரவிலிருந்து நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணியது இது. அதாவது 9 மணி 45 நிமிடம் 2.72 நொடி. தேதி 0124060எஃப் என்றால் 2024-ஆம் ஆண்டின் 60-ஆவது நாள், பிப்ரவரி 29. இரண்டும் உள்ளூர் நேரப்படி. ஆனால் அதே ரெக்கார்டின் உள்ளே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள தொடக்க, முடிவு நேரங்கள் 8 பைட் டிஓடி (இயந்திரத்தின் உள்கடிகார) மதிப்புகள். அவை உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. இரண்டையும் கலந்தால், உங்கள் நேர மண்டலம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு தள்ளித்தான் ஜோடியைத் தேடுவீர்கள்.

சரியான சாவி, நெட்வொர்க் யூனிட் ஆஃப் வொர்க் அடையாளம், அதாவது ஒரே வேலையை இரு பக்கமும் அடையாளம் காட்டும் பெயரும் மதிப்பும். சிஐசிஎஸ் பக்கம் அது நெட்யூஓடபிள்யூபிஎக்ஸ் (பெயர்), நெட்யூஓடபிள்யூஎஸ்எக்ஸ் (8 பைட் மதிப்பு) என்ற இரு ஃபீல்டுகளில் இருக்கிறது. டிபி2 பக்கம் கோரிலேஷன் தலைப்பில், க்யூடபிள்யூஎச்சிடிஓகேஎன் என்ற 22 பைட் டோக்கனில் இருக்கிறது. 8 பைட் மதிப்பின் கடைசி 2 பைட் சிங்க்பாயிண்ட் (மாற்றங்களை உறுதிசெய்யும் கட்டம்) எண்ணிக்கை. அதை விட்டுவிட்டு முதல் 6 பைட்டை மட்டும் ஒப்பிட வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது இந்த 2 பைட்டில்தான்.

இன்னொன்று. அந்த டோக்கன் டிபி2-வுக்குப் போக வேண்டுமானால், சிஐசிஎஸ்ஸில் டிபி2 இணைப்புக்கான டிபி2என்ட்ரி வரையறையிலும் பொது இணைப்புத் தொகுப்பான பூலுக்கான வரையறையிலும் அக்கவுண்ட்ரெக் மதிப்பு 'டாஸ்க்' அல்லது 'யூஓடபிள்யூ' என்று இருக்க வேண்டும். 'டிஎக்ஸ்ஐடி' என்றிருந்தால், ஒரே பெயருள்ள பரிவர்த்தனை அதே த்ரெட்டை (டிபி2 இணைப்பை) திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே 101 ரெக்கார்டுதான் வரும். அதைப் பிரிக்க எந்த நிரலாலும் முடியாது. முதலில் இந்த வரையறையைச் சரிபார்த்துவிட்டு நிரலில் கைவையுங்கள்.

கேள்வி: பழைய நிரலில் எல்லாப் பரிவர்த்தனைக்கும் சிபியு நேரம் பூஜ்யம் என்று வருகிறது. ஃபீல்டின் இடத்தை மாற்றிப் படித்தால் 327 நொடி என்கிறது!

பதில்: சிபியு நேரத்தை வைத்திருக்கும் கடிகார ஃபீல்டின் அளவு மாறியது நிரலுக்குத் தெரியவில்லை. முன்பு அது 8 பைட்: 4 பைட் நேரம், 16 மைக்ரோநொடி அலகில், மீதியில் எண்ணிக்கை. இப்போது 12 பைட்: 8 பைட் நேரம், டிஓடி வடிவில், மீதியில் எண்ணிக்கை. உங்கள் மதிப்பு 0000000001388000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 4 பைட்டை மட்டும் படித்தால் பூஜ்யம். அடுத்த 4 பைட்டை எடுத்து 16-ஆல் பெருக்கினால் 327.68 நொடி. சரியான வழி, 8 பைட்டையும் எடுத்து 4096-ஆல் வகுப்பது: 5000 மைக்ரோநொடி, அதாவது 5 மில்லிநொடி.

ஃபீல்டுகளின் இடத்தை நிரலில் எழுதிவைக்காதீர்கள். 110-இல் வரும் டிக்‌ஷனரி ரெக்கார்டு (வகுப்பு 1), செயல்திறன் ரெக்கார்டில் (வகுப்பு 3) எந்த ஃபீல்டு எங்கே, எவ்வளவு நீளம் என்று சொல்லும். அது கோப்பில் இல்லாவிட்டால் டிஎஃப்எச்எம்என்டியுபி நிரலால் உருவாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: கோப்பை லினக்ஸுக்கு எஃப்டிபி-யில் இறக்கினால் குப்பையாக இருக்கிறது.

பதில்: பைனரி முறையில், 'சைட் ஆர்டிடபிள்யூ' கொடுத்து இறக்குங்கள். அது இல்லாவிட்டால் ரெக்கார்டின் முன்னால் நீளத்தைச் சொல்லும் 4 பைட் போய்விடும். ஒரு ரெக்கார்டு எங்கே முடிகிறது என்றே தெரியாது. அதன் பிறகும் உள்ளடக்கம் புரியவில்லையென்றால் அது சுருக்கப்பட்டது. சிஐசிஎஸ் ரெக்கார்டை இறக்கும் முன்பே மெயின்ஃபிரேமில் டிஎஃப்எச்$எம்ஓஎல்எஸ் கொண்டு விரித்துவிடுங்கள், டிபி2-வுக்கு டிஎஸ்என்டிஎஸ்எம்எஃப்டி.

கேள்வி: ஒன்றுசேர்த்த ரெக்கார்டுக்கு எந்த வடிவம் நல்லது?

பதில்: ஒரு சிஐசிஎஸ் டாஸ்குக்கு (பரிவர்த்தனையின் ஒரு ஓட்டத்துக்கு) ஒரு ரெக்கார்டு, அதற்குள் பூஜ்யமோ பலவோ டிபி2 பகுதிகள். ஒரே வரியில் தட்டையாக விரிக்காதீர்கள். ஒரு டாஸ்கில் மூன்று சிங்க்பாயிண்ட் இருந்து மூன்று 101 வந்தால், தட்டை வடிவில் சிஐசிஎஸ் நேரம் மூன்று முறை எண்ணப்படும். வரிக்கு ஒரு ஜேசன் (JSON) இதற்கு வசதி. மெயின்ஃபிரேமிலேயே வைப்பதானால் எஸ்எம்எஃப் வழக்கப்படி மும்மைகளைப் பயன்படுத்துங்கள்: பகுதி தொடங்கும் இடம், ஒன்றின் நீளம், எத்தனை. வகை எண்ணை 128 முதல் 255 வரை எடுங்கள். அது பயனருக்கென்று விடப்பட்டது.

சாவியை மூல ஹெக்ஸாகவே வையுங்கள். டிஓடி மதிப்பையும் அப்படியே வைத்து, படிக்கத்தக்க நேரத்தைப் பக்கத்தில் தனி ஃபீல்டாகக் கொடுங்கள். யூனிக்ஸ் நேரமாக்க, டிஓடி மதிப்பை 4096-ஆல் வகுத்துக் கிடைக்கும் மைக்ரோநொடியை நொடியாக்கி 2,20,89,88,800-ஐக் கழியுங்கள். டிஓடி 1900-இல் தொடங்குகிறது, யூனிக்ஸ் 1970-இல்.

இரு பக்கத்துச் சிபியு நேரத்தையும் கூட்டி 'மொத்தம்' என்று ஒரு ஃபீல்டு வைக்கவே கூடாது. டிபி2 வேலை சிஐசிஎஸ்ஸின் எல்8 டிசிபி-யில் (வேலையை ஓட்டும் அலகில்) ஓடுவதால், அந்தச் சிபியு சிஐசிஎஸ் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. கூட்டினால் இரட்டிப்பாகும், இல்லாத சுமைக்காக இயந்திரத் திறனைக் கூட்டும் திட்டம் வரை அந்தப் பிழை போய்விடும்.

கேள்வி: ஐஎம்எஸ் என்ற இன்னொரு பரிவர்த்தனை மென்பொருளையும் இதே வடிவில் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், ஆனால் அது எஸ்எம்எஃப்பில் இல்லை, ஐஎம்எஸ் லாகில் இருக்கிறது. உள்ளீட்டுச் செய்தி 01, நிரல் ஒதுக்கீடு 08, நிரல் முடிவு 07 என ஒரே பரிவர்த்தனை பல லாக் ரெக்கார்டுகளாகச் சிதறியிருக்கும். 56எஃப்ஏ ரெக்கார்டை இயக்கிவிட்டால் பரிவர்த்தனை அளவிலான கணக்கு ஒரே இடத்தில் கிடைக்கும். சாவியாக 16 பைட் ரெக்கவரி டோக்கனை எடுங்கள்: 8 பைட் ஐஎம்எஸ் பெயர், மீதி 8-இல் இரண்டு எண்கள். நேரம் ஒவ்வொரு லாக் ரெக்கார்டின் கடைசி 16 பைட்டின் முதல் பாதியில் இருக்கிறது; அடுத்த பாதி வரிசை எண். நேரம் ஒன்றாக இருக்கும் இரு ரெக்கார்டுகளை அந்த எண்ணை வைத்துத்தான் வரிசைப்படுத்த வேண்டும்.