முதல் வீடு வாங்கிக் குடிபோகிறோம், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

வீடு பிடித்துவிட்டது, இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை, கொடுப்பதற்கு முன் எதைப் பார்ப்பது, சாமான்களோடு குடிபோகும்போது எதில் ஏமாறாமல் இருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எட்டு வாடகை வீடு மாறியவன். ஒன்பதாவதுதான் சொந்தம். எட்டு முறை மாறியதால் வீடு பார்ப்பதில் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாடகை வீட்டில் ஒரு குறை தெரிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். வாங்கிய வீட்டில் அந்தக் குறையோடு குடித்தனம் நடத்த வேண்டும். இந்த வித்தியாசம் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். நாங்கள் வாங்கிய வீட்டின் இரண்டாவது படுக்கையறையில் உயரமான மர அலமாரி ஒன்று சுவரோடு ஒட்டி நின்றது. விற்றவர் ரொம்ப மரியாதையானவர். ஜன்னலைத் திறந்து காட்டினார், மின்விசிறியை ஓடவிட்டுக் காட்டினார். அலமாரியை யாரும் நகர்த்தவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த அறையில் மட்டும் லேசாகப் பெயிண்ட் வாசனை இருந்தது. என் மனைவி, 'இங்கே மட்டும் ஏன் புதுசா அடிச்சிருக்காங்க?' என்றாள். 'விற்கிற வீடு, பளிச்சென்று வைத்திருப்பார்கள்' என்று பெரிய விவரம் தெரிந்தவன் மாதிரி சொன்னேன். குடிவந்து இரண்டு மாதத்தில், அலமாரி இருந்த இடத்தில் இடுப்புயரத்துக்குப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் உடைந்து உள்ளேயிருந்து வெள்ளைப் பொடி கொட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை.

அந்த வெள்ளைப் பொடியைத்தான் 'சுவர் உப்புப் பூத்திருக்கிறது' என்பார்கள். செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வரும். சுவரின் மேற்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிவிடும். அதனால் அதன்மேல் எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் பிரயோஜனமில்லை. தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் குளியலறைத் தரையையும் பாதிச் சுவரையும் உடைத்து, நீர்க்காப்புப் பூச்சு போட்டு, மறுபடி டைல்ஸ் ஒட்டினோம். சுவர் காய்வதற்காக மட்டும் வாரக்கணக்கில் காத்திருந்தோம்.

ஆக, முதல் அறிவுரை: பொருட்களை நகர்த்திப் பாருங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கப் போகிறீர்கள், ஓர் அலமாரியை நகர்த்தச் சொல்வதில் தப்பில்லை. தொங்குகிற படம், கதவுக்குப் பின்னால் மாட்டிய காலண்டர், தரைவிரிப்பு, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே அடைத்து வைத்திருக்கும் சாமான் எல்லாவற்றையும் விலக்கிப் பாருங்கள். குளியலறையை ஒட்டிய சுவர்களைக் கட்டாயம் பாருங்கள். ஓர் அறைக்கு மட்டும், அதிலும் ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் என்றால் காரணம் கேளுங்கள். ஈரம் தரையிலிருந்து மேலே ஏறியிருந்தால் மண்ணிலிருந்தோ பக்கத்துக் குளியலறையிலிருந்தோ வருகிறது. மேற்கூரையில் வட்டமாகக் கறை இருந்தால் மொட்டை மாடியோ மேல்வீட்டுக் குழாயோ காரணமாக இருக்கும். மேல்வீட்டுக் குழாய் என்றால் பழுது பார்ப்பது உங்கள் கையில் மட்டும் இல்லை, மேல்வீட்டுக்காரரின் மனதிலும் இருக்கிறது.

விரிசலைக் கண்டதும் பயப்பட வேண்டாம். பூச்சுக் காயும்போது சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் விழுவது சகஜம். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி ஒரு முனையில் அகலமாகிக்கொண்டே போகும் விரிசல், செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி இறங்கும் விரிசல், சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரியும் விரிசல், இவை வேறு ஜாதி. ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு இருந்தால் நீங்களும் நானும் தீர்ப்புச் சொல்லக் கூடாது, கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிப்போக வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீட்டு விலையில் தூசு. நான் அதை மிச்சம் பிடித்தவன்.

தரையில் ஒரு கோலிக்குண்டை வையுங்கள். அறைக்குள் ஒரு பக்கமாகவே ஓடினால் தரை சரிந்திருக்கிறது. குளியலறையில் மட்டும் அது வடிகாலை நோக்கி ஓட வேண்டும், எதிர்ப்பக்கம் ஓடினால் குளித்துவிட்டுத் தினமும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பாருங்கள், 'டொக் டொக்' என்று வெற்றாகச் சத்தம் வந்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை.

தண்ணீரை ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்ப்பது போதாது. சமையலறைக் குழாய், ஷவர், கைகழுவும் தொட்டி மூன்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, அதே நேரம் கழிப்பறைத் தொட்டியையும் அழுத்துங்கள். காலையில் வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது இதுதான் நடக்கும். ஷவர் நூலாக இளைத்தால் அப்போதே தெரிந்துவிடும். தண்ணீர் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு அதன் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். யாரும் பயன்படுத்தாதபோதும் அது சுற்றினால் எங்கேயோ கசிகிறது.

மின்சாரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மின்சாரம் ஒயரை விட்டு வெளியே கசிந்தால் தானாகத் துண்டிக்கிற சுவிட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். வீடுகளுக்குப் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது போடுவார்கள். அதில் சோதனைக்கென்றே சின்ன பொத்தான் ஒன்று இருக்கும், விற்பவரிடம் சொல்லிவிட்டு அழுத்தினால் இணைப்பு துண்டிக்கப்பட வேண்டும். சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் மாற்றிவிடலாம், பெரிய விஷயமில்லை. ஆனால் பெட்டிக்குள் கருகிய வாசனையோ உருகிய ஒயரோ இருந்தால் வீடு முழுக்க ஒயரிங் மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

அப்புறம், ஒரே வீட்டுக்கு வேறு வேறு நேரத்தில் போங்கள். தரகர் கூட்டிப்போவது எப்போதும் வெளிச்சம் நன்றாக விழும், சத்தம் அடங்கிய நேரமாகத்தான் இருக்கும். அது அவர் தொழில், குற்றம் சொல்ல முடியாது. நீங்கள் ஒருமுறை ராத்திரி போங்கள், ஒருமுறை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் போங்கள், முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். தெருவில் தண்ணீர் எங்கே நிற்கிறது, வண்டி நிறுத்த இடம் மிஞ்சுகிறதா, ஜன்னலைத் திறந்தால் என்ன கேட்கிறது என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, தானே தெரியும். தனியாகப் போகும்போது பக்கத்து வீட்டில் இரண்டு வார்த்தை பேசுங்கள். 'இவர் ஏன் விற்கிறார்?' என்று நேராகக் கேட்காமல், 'தண்ணீர் எப்படி, மழைக்காலம் எப்படி?' என்று கேட்டாலே பாதி வரலாறு வந்துவிடும்.

பத்திரச் சட்டங்கள் இடத்துக்கு இடம் வேறு, அதில் நான் விரிவாகப் போகவில்லை. விற்பவர்தான் உரிமையாளரா, அவரோடு பங்குள்ள வேறு யாராவது இருக்கிறார்களா, வீட்டின்மேல் கடனோ வழக்கோ உண்டா, உள்ளே குடியிருப்பவர் காலி செய்வாரா என்பதையெல்லாம் நீங்களே கட்டணம் கொடுத்து அமர்த்திய வக்கீல் பார்க்க வேண்டும். தரகர் 'நம்ம ஆள்தான்' என்று அழைத்து வரும் வக்கீல் அவருடைய ஆள். பரப்பளவு என்று எழுதியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். அதில் சுவரின் கனம், மாடிப்படி, பொது நடைபாதை எல்லாம் சேர்ந்திருக்கலாம். அளவு நாடாவோடு போய் நடந்து புழங்கும் இடத்தை மட்டும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

கடன் விஷயத்துக்கு வருவோம். 9 சதவீத வட்டியில், 20 வருடத்துக்கு, 100 ரூபாய் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 90 காசு. முதல் மாதம் அந்த 90 காசில் 75 காசு வட்டிக்குப் போய்விடும், அசலில் குறைவது 15 காசுதான். 20 வருடம் முடியும்போது மொத்தம் கிட்டத்தட்ட 216 ரூபாய் கட்டியிருப்பீர்கள். எனக்கு வலித்த கணக்கு இது இல்லை, அசலில் பாதி எப்போது தீர்கிறது என்பதுதான். பத்து வருடத்தில் தீரும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பதினாலு வருடம் ஆகிறது. அதே கடனை 15 வருடத்தில் முடிப்பதாக வைத்தால் தவணை ஒரு ரூபாய் ஒன்றரைக் காசுக்கு வரும், அதாவது சுமார் 13 சதவீதம் கூடுதல். மொத்தம் கட்டுவது 183 ரூபாய்க்குள் நின்றுவிடும். முதல் சில வருடங்களில் கையில் கிடைக்கும் உபரிப் பணத்தை அசலில் கட்டினால் பலன் அதிகம் என்பது இதனால்தான். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டுக் கையிலிருக்கும் மொத்தத்தையும் முன்பணமாகக் கொட்டிவிடாதீர்கள். பதிவுச் செலவு, வக்கீல், தரகர், பெயிண்ட், திரைச்சீலை, பூட்டு, லாரி எல்லாம் வரிசையில் நிற்கின்றன. அதற்குப் பின்னால் உங்களுக்குத் தெரியாத குளியலறை ஒன்று நிற்கும்.

சரி, வீடு உங்களுடையதாகிவிட்டது. குடிபோவதற்கு முன் வெறும் வீட்டில் செய்ய வேண்டிய வேலைகளை முடித்துவிடுங்கள். சாமான் வந்த பிறகு பெயிண்ட் அடிப்பதும் தரை போடுவதும் நரகம். முதல் நாளே வெளிக்கதவுப் பூட்டை மாற்றுங்கள், பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறதோ. இரண்டு வீட்டிலும் மீட்டர் அளவைப் படம் எடுத்து வையுங்கள்.

அளவு நாடாவுக்கு இங்கேயும் வேலை இருக்கிறது. சோபாவும் பீரோவும் அறைக்குள் நிற்குமா என்று எல்லாரும் அளப்பார்கள். வாசல் வழியாக நுழையுமா, மாடிப்படியின் திருப்பத்தில் திரும்புமா என்று அளப்பவர்கள் குறைவு. என் தம்பி வீட்டு சோபா இப்போது என் வீட்டில் இருப்பதற்கு அந்தத் திருப்பம்தான் காரணம்.

புத்தகத்தைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள். பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் உள்ள சின்னப் பெட்டியை நிரப்பினாலே 20 கிலோவை நெருங்கும். பெரிய பெட்டிகளில் தலையணை, போர்வை, துணி. தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல் காகிதம் சுற்றி நிறுத்தி அடுக்கினால் குலுங்கினாலும் உடைவது குறைவு. பெட்டியின் மேல்பக்கம் பெயர் எழுதினால் அடுக்கியதும் மறைந்துவிடும், பக்கவாட்டில் எழுதுங்கள். 'சமையலறை' என்று மட்டும் எழுதாமல் உள்ளே இருப்பதில் இரண்டையாவது எழுதுங்கள், இல்லையென்றால் ஒரு கரண்டிக்காக ஆறு பெட்டியைப் பிரிப்பீர்கள்.

பிரிட்ஜை முந்தின நாளே காலி செய்து, அணைத்து, துடைத்துவிட வேண்டும். நிமிர்த்தியே கொண்டுபோவது நல்லது. வேறு வழியில்லாமல் படுக்க வைத்துக் கொண்டுபோனால், கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும். நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினாக இருந்தால், வாங்கியபோது கழற்றிய போக்குவரத்து போல்ட்டுகளை, அதாவது வண்டியில் போகும்போது உள்ளே டிரம் ஆடாமல் பிடித்து வைப்பவற்றை, தேடி எடுத்துத் திரும்ப மாட்டுங்கள். புது வீட்டில் ஓடவிடுவதற்கு முன் மறக்காமல் கழற்றுங்கள். டிவிக்குப் பின்னால் எந்த ஒயர் எங்கே என்று பிடுங்குவதற்கு முன் போனில் ஒரு படம்.

பத்திரங்கள், நகை, மருந்து, சார்ஜர் உங்கள் தோள்பையில் வரட்டும், லாரியில் வேண்டாம். முதல் ராத்திரிக்கென்று தனியாக ஒரு பெட்டி வையுங்கள்: போர்வை, துண்டு, சோப்பு, மாற்றுத்துணி, கத்தி, ஸ்க்ரூ டிரைவர், டார்ச், குப்பைப் பை. அது கடைசியாக ஏறி முதலில் இறங்க வேண்டும்.

கட்டிலைப் பிரித்தால் அதன் போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு அந்தக் கட்டில் சட்டத்திலேயே டேப் ஒட்டிவிடுங்கள். நாங்கள் 'பத்திரமாக' வைத்தோம். நாலு ராத்திரி தரையில் படுத்தோம், ஐந்தாம் நாள் வேலைக்குக் கிளம்ப ஷூவில் காலை விட்டபோது பெருவிரலில் இடித்தது.