கிப்சோகேயின் அட்டவணையும் ஒரு கால்வலியும்

அன்புள்ள அண்ணா,

நான் திருமங்கலம். வயது 24, செல்போன் கடையில் வேலை. மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகேயின் பயிற்சியை யூடியூபில் பார்த்து, தூரத்தை மட்டும் பாதியாக்கி ஓட ஆரம்பித்தேன். வாரம் 100 கிலோமீட்டர். இது மூன்றாவது வாரம். சோறு, இட்லியை நிறுத்திவிட்டேன். காலையில் எட்டு முட்டையின் வெள்ளைக்கரு, இரவில் சிக்கன். இப்போது இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் வலி. சும்மா நின்றாலே வலிக்கிறது. வலியோடு ஓடினால்தான் கால் பழகும் என்கிறார்கள் நண்பர்கள். நீங்களும் இதே அட்டவணையை முயன்றதாக எழுதியிருந்தீர்கள். தொடரலாமா? புரோட்டீன் பவுடர் வாங்கட்டுமா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

முதலில் கால். நாளை ஓட வேண்டாம். முன்னெலும்பை விரலால் அழுத்திப் பாருங்கள். நெடுகப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் சில வார ஓய்வில் சரியாகிவிடும். ஒரே இடத்தில் சுரீரென்றாலோ, ஓடாதபோதும் வலித்தாலோ எலும்பில் விரிசல் விழத் தொடங்கியிருக்கலாம். நின்றாலே வலிக்கிறது என்கிறீர்கள். இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

நான் போன வருடம் செய்தது வாரம் 40 கிலோமீட்டர்தான். கிப்சோகே வாரம் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியவர். அவர் அட்டவணையைப் போலவே எனக்கும் செவ்வாய்க்கிழமை மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் வேக ஓட்டம், வியாழக்கிழமை அழகர்கோவில் சாலையில் நீண்ட ஓட்டம், சனிக்கிழமை வேகமும் மெதுவும் மாற்றி மாற்றி. மற்ற நாட்களில் மெதுவாக மட்டும். இந்த மெதுவான நாட்கள்தான் எனக்குப் பெரிய பாடமாக இருந்தன. 2022-ல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் மாரத்தானை முடித்தவர், வாரத்தின் பெரும்பகுதியைப் பேசிக்கொண்டே ஓடலாம் என்கிற வேகத்தில்தான் ஓடினார். தெப்பக்குளத்தைச் சுற்றும்போது என்னைப் பெரியவர்கள் தாண்டிப்போனார்கள். வேகத்தைக் கூட்டாமல் இருக்கப் பழகவே எனக்கு இரண்டு வாரம் ஆனது.

தூக்கத்தை மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் கென்யாவின் கப்டகட் முகாமில், இரவுத் தூக்கம் போக மதியமும் உறங்கி எழுந்தார். நான் ஓடி முடித்துக் குளித்து ஒன்பது மணிக்கு மாட்டுத்தாவணி பக்கம் வேலைக்குப் போயாக வேண்டும். நீங்களும் நாள் முழுக்கக் கடையில் நிற்பவர். ஓடிய கால் ஆறுவதற்கு நேரமே இல்லாதபோது அவருடைய தூரத்தில் பாதி என்பதும் மிக அதிகம்.

சாப்பாட்டில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். அந்த முகாமில் முக்கியமான உணவு உகாலி. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிளறுவது; நம் வீட்டுக் களியேதான். கூடவே கீரை, பீன்ஸ், பால் சேர்த்த இனிப்பு டீ. நீண்ட தூரம் ஓடுகிற உடம்புக்கு மாவுச்சத்துதான் எரிபொருள். அதை நிறுத்திவிட்டு வாரம் 100 கிலோமீட்டர் ஓடினால் உடம்பு பட்டினியில் கிடக்கும். பட்டினி கிடக்கும் உடம்பில் எலும்பும் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். சோறு, இட்லி, கம்மங்கூழ் எல்லாம் திரும்பவும் வரட்டும். முட்டையை மஞ்சள் கருவோடு சாப்பிடுங்கள். பருப்பும் சுண்டலும் சிக்கனும் இருக்கும்போது உங்களுக்குப் பவுடர் தேவையில்லை.

அப்புறம், வீடியோவில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒருவர் இருக்கிறார்: பயிற்சியாளர் பேட்ரிக் சாங். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தடைகளைத் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்தில் வெள்ளி வென்றவர். கிப்சோகே 2003-ல் பாரிஸில் 5,000 மீட்டர் உலகத் தங்கம் வென்றபோது உடனிருந்தவர், இருபது வருடம் கழித்தும் அவரோடுதான் இருந்தார். ஒரே உடம்பை அத்தனை காலம் பார்த்துப் பார்த்து, அதற்கென்றே தைத்த சட்டை அந்த அட்டவணை. நம் சக்கிமங்கலம் ஓட்ட வீராங்கனை ரேவதியும் டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார் என்றால், அவர் வெறுங்காலோடு ஓடிய நாளிலேயே ஒரு பயிற்சியாளர் கவனித்துக் கூப்பிட்டதால்தான். உங்களை அப்படி யாரும் இன்னும் பார்க்கவில்லை, தம்பி.

ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் காலையில் பயிற்சியாளர்கள் இருப்பார்கள். மருத்துவர் ஓடலாம் என்று சொன்ன பிறகு அங்கே போய், அவர்கள் முன்னால் இரண்டு சுற்று மட்டும் ஓடிக் காட்டுங்கள். கால் எப்படித் தரையில் விழுகிறது என்று கேளுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
க.