அல்சைமர், பார்க்கின்சன் வராமல் தடுக்கிற பழம் எது? எவ்வளவு சாப்பிட வேண்டும்?

"அப்பாவுக்குப் பார்க்கின்சன். எனக்கு வராமலிருக்க எந்தப் பழம், எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கின்சனையோ, மறதி நோயான அல்சைமரையோ தடுக்கிற பழம் என்று எதுவும் கிடையாது. ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கக்கூடும் என்று சொல்லுமளவுக்கு ஆதாரம் உள்ளவை கருநீல, கருஞ்சிவப்புப் பழங்கள்தான். அந்த நிறத்தைத் தரும் ஆந்தோசயனின்மீதுதான் ஆராய்ச்சியாளர்களின் கண்.

2012ல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில், 70 வயது தாண்டிய 16,010 பெண் செவிலியர்களின் நினைவாற்றலைச் சில ஆண்டுகள் இடைவெளியில் சோதித்தார்கள். வாரம் அரைக் கோப்பை புளூபெர்ரியோ, இரண்டு முறை ஸ்ட்ராபெர்ரியோ சாப்பிட்டவர்களுக்கு மறதி கூடுவது இரண்டரை ஆண்டு வரை தள்ளிப்போயிருந்தது. இன்னொன்று சுமார் 1,30,000 பேரை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 805 பேருக்குப் பார்க்கின்சன் வந்தது. பெர்ரி அதிகம் சாப்பிட்ட ஆண், பெண் இருபாலரிடமும் அது குறைவு. ஆப்பிள், ஆரஞ்சு, தேநீர் எல்லாம் சேர்ந்த மொத்த ஃபிளேவனாய்டு (ஆந்தோசயனினும் அடங்கிய தாவரச் சத்துக் குடும்பம்) கணக்கிலோ ஆண்களுக்கு மட்டும் 40 சதவீதம் குறைவு, பெண்களுக்கு ஒன்றுமில்லை.

இதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பெர்ரி வாங்குகிறவர் நடைப்பயிற்சிக்கும் போவார், பிரஷரையும் பார்த்துக்கொள்வார். தவிர, பார்க்கின்சனில் நடுக்கம் தொடங்கப் பல ஆண்டுகள் முன்பே மோப்பம் மங்கிவிடும். மோப்பம் மங்கினால் பழத்தில் நாட்டம் போகும். பழம் குறைந்ததால் நோயா, நோயால் பழம் குறைந்ததா? மறதியைத் தள்ளிப்போடச் சிகாகோவில் உருவான 'மைண்ட்' உணவுமுறை, பழங்களில் பெர்ரிக்கு மட்டும்தான் மதிப்பெண் தருகிறது. அதை 604 பேரிடம் மூன்றாண்டு சோதித்து 2023ல் முடிவைச் சொன்னார்கள்: வழக்கமான சாப்பாட்டையே அளவு குறைத்துச் சாப்பிட்டவர்களைவிட நினைவாற்றலிலும் சிந்தனைத் திறனிலும் குறிப்பிடும்படி மேலாக ஒன்றுமில்லை. இருபது வருடம் உள்ளுக்குள் வளர்கிற நோய்க்கு மூன்றாண்டு போதாது என்ற வாதமும் நியாயமே.

ஆக, செலவும் கெடுதலும் இல்லாத அளவில் செய்துபாருங்கள். டப்பா புளூபெர்ரிதான் வேண்டும் என்பதில்லை. அந்த ஆய்வுகளில் நம்மூர்ப் பழங்கள் இல்லை என்பது உண்மை. ஆனால் ஆந்தோசயனின் நாவல்பழத்திலும் கம்பம் பன்னீர் திராட்சையின் தோலிலும் தாராளம். வாரம் மூன்று நாள், ஒரு கைப்பிடி. திராட்சையின் தோலைத் துப்பினால் பலன் குப்பைக்கு. நாவல் ஆடியோடு போய்விடும் என்பதால், கழுவி, துணியில் ஈரம் போக உலர்த்தி, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, பிறகு டப்பாவில் போடுங்கள். உறைநிலையில் நிறம் நிற்கும். கொதிக்கவைத்து ஸ்குவாஷ், ஜாம் ஆக்கினால் நிறமி கணிசமாகச் சிதையும், சர்க்கரை கூடும்.

திராட்சையை அலசிவிட்டுத் தின்பது போதாது. பூச்சிமருந்துக்கும் பார்க்கின்சனுக்கும் உள்ள தொடர்பு, பெர்ரிக்குச் சொல்லும் ஆதாரத்தைவிட வலுவானது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சமையல் சோடா கரைத்து, கால் மணி நேரம் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ஆப்பிளில் சோதித்தபோது மேல்தோல் மருந்து இப்படித்தான் போனது. உள்ளே இறங்கியது போகவில்லை.

ஸ்மூத்தி அடிப்பவர்கள் வாழைப்பழத்தை விட்டுவிடலாம். நறுக்கிய வாழைக்காயைக் கறுக்கவைக்கிற அதே நொதி, ஃபிளேவனால் என்ற இன்னொரு சத்தைத் தின்றுவிடுகிறது. 2023ல் சோதித்தபோது, மாத்திரையாக எடுத்தவர்களைவிட வாழைப்பழ ஸ்மூத்தி குடித்தவர்கள் ரத்தத்தில் அது 84 சதவீதம் குறைவாக இருந்தது. பெர்ரி மட்டும் அடித்ததில் இந்தச் சிக்கல் இல்லை.

எதிர்த்திசையிலும் பழங்கள் உண்டு, வாட்ஸ்அப் மருத்துவர்கள் இதைச் சொல்வதில்லை. புற்றுநோய்க்கு மருந்து என்று விற்கப்படும் முள்சீத்தா பற்றி 1999ல் பிரெஞ்சு கரீபியத் தீவான குவாதலூப்பிலிருந்து ஒரு செய்தி வந்தது: பார்க்கின்சன் அறிகுறியோடு வந்த 87 பேரில் 22 பேருக்குத்தான் வழக்கமான பார்க்கின்சன். மற்றவர்களில் பலருக்கு, பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா வேலை செய்யாத வகை. அவர்களிடம் இந்தப் பழமும் அதன் இலைத் தேநீரும் அன்றாடப் பழக்கமாக இருந்தன. ஒரு பழத்தில் சுமார் 15 மில்லிகிராம் அன்னோனாசின் உண்டு. அது நரம்பு செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குவது. பழம்தான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. எப்போதாவது ஒரு துண்டு சரி, தினசரி ஜூஸும் கேப்ஸ்யூலும் வேண்டாம், அதுவும் உங்கள் குடும்பத்தில். சிறுநீரகம் பழுதானவர்கள் ஸ்டார் ஃப்ரூட்டைத் தொடவே கூடாது. விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும்.

அப்பா விஷயம் வேறு. அவருக்குப் பழத்தின் முதல் வேலை மலச்சிக்கலைத் தீர்ப்பது: பப்பாளி, கொய்யா. லெவோடோபா மாத்திரையோடு மில்க் ஷேக் கொடுக்காதீர்கள். பாலின் புரதம் குடலிலும் மூளை வாசலிலும் மருந்தோடு போட்டி போடும். மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி கழித்துச் சாப்பாடு. விழுங்கும்போது இருமுகிறார் என்றால் சாத்துக்குடிச் சுளை, தர்பூசணி வேண்டாம். மெல்லும்போதே சாறு தனியாகத் தொண்டைக்கு ஓடி மூச்சுக்குழாயில் இறங்கும். முழுத் திராட்சையும் ஆபத்து. நன்கு கனிந்த பப்பாளியை முள்கரண்டியால் மசித்து, நிமிர்த்தி உட்காரவைத்து, ஒவ்வொரு டீஸ்பூனாகக் கொடுங்கள்.