கார்டிலிருந்து கணினிக்கு: புகைப்படக் கேள்விகளும் பதில்களும்

கோபிசெட்டிபாளையத்தில் 22 ஆண்டுகளாகத் திருமணப் படங்களை எடுத்தும் திருத்தியும் ஆல்பமாக்கியும் வருகிறேன். இந்த முறை நம் பக்கத்து ஊர்கள் பலவற்றிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை படத்தைத் திருத்துவது பற்றியவை. ஆனால் நான் பார்த்தவரையில் படம் பறிபோவது திருத்தும்போது அல்ல, அதற்கு முன்பு கார்டைக் கணினியில் செருகும் அந்தச் சிறிது நேரத்தில்தான். ஆகவே அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சத்தியமங்கலத்திலிருந்து ஓர் இளைஞர்: கல்யாண வேலை முடிந்து இரவு வீடு திரும்பியதும் கார்டில் உள்ள படங்களை ‘கட்’ செய்து கணினியில் ஒட்டுவது என் வழக்கம். போன மாதம் பாதியில் கரண்ட் போய்விட்டது. நாற்பது படங்கள் கார்டிலும் இல்லை, கணினியிலும் இல்லை. எந்த முறை சரியானது?

தம்பி, கார்டைப் பொறுத்தவரை ‘கட்’ என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிடுங்கள். ஒரு கோப்பை நகர்த்தும்போது கணினி அதை முதலில் தன் தற்காலிக நினைவகத்தில் வாங்கி, டிஸ்க்கில் எழுதிவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொண்டு, கார்டிலிருந்து நீக்கிவிடுகிறது. உண்மையில் டிஸ்க்கில் எழுதி முடிப்பதற்குள் மின்சாரம் நின்றால், நீங்கள் சொன்னதுபோல இரண்டு பக்கமும் இல்லாமல் போகும். ‘காப்பி’ மட்டும் செய்திருந்தால் கார்டில் இருப்பது கார்டிலேயே இருந்திருக்கும். மறுபடி ஒருமுறை காப்பி செய்வதோடு வேலை முடிந்திருக்கும்.

என் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். கேமராவைக் கேபிளில் மாட்டாமல் கார்டைக் கழற்றி ரீடரில் போடுவேன். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா கோப்பு (சென்சார் பதிந்ததை ஜேபெக்காக மாற்றாமல் வைக்கும் கோப்பு) ஏறத்தாழ 30 எம்பி என்று வைத்தால், 3,000 படம் எடுத்த திருமணம் 90 ஜிபி வரும். யுஎஸ்பி 2 ரீடரில் அது முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். நல்ல யுஎஸ்பி 3 ரீடரும் வேகமான கார்டும் இருந்தால் இருபது நிமிடத்துக்குள் முடியும். முதல் பிரதி கணினிக்கு, இரண்டாம் பிரதி வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு. இரண்டாவதையும் கார்டிலிருந்தே நேராக எடுப்பேன். முதல் பிரதியில் ஏதேனும் பழுது நேர்ந்திருந்தால் அது இரண்டாவதற்கும் போய்விடக் கூடாது. பிறகு மூன்று இடங்களிலும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, நடுவில் ஆங்காங்கே சில படங்களை முழு அளவில் திறந்து பார்ப்பேன். கீழ்ப்பாதி சாம்பலாகவோ கோடு கோடாகவோ வந்தால் காப்பி சரியாக ஆகவில்லை என்று பொருள். கார்டை ஃபார்மேட் செய்வது அடுத்த வேலைக்குக் கிளம்பும் முன்புதான். அதுவும் கேமராவிலேயே செய்வேன், கணினியில் செய்வதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். கேமரா தரும் பெயரில் எண்ணுக்கு நான்கு இலக்கம்தான் உண்டு. 9999க்குப் பிறகு மறுபடி 0001 என்று தொடங்கும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்கள் ஒரே பெயரில் இரு வேறு படங்களைத் தருவதும் சாதாரணம். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, கணினி ‘மாற்றட்டுமா?’ என்று கேட்கும்போது தூக்கக் கலக்கத்தில் ‘ஆம்’ என்று அழுத்தினால் பழைய படம் போய்விடும். கேமராவுக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று என ஃபோல்டரைப் பிரித்து, பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். 2025-02-09 என்று எழுதினால் ஃபோல்டர்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். நாளை முன்னால் எழுதினால் எல்லா மாதத்து ஒன்பதாம் தேதிகளும் ஓரிடத்தில் கூடிவிடும்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: நானும் தம்பியும் இரண்டு கேமராவில் எடுக்கிறோம். கணினியில் நேரப்படி அடுக்கினால், தாலிக்கு முந்தைய சடங்கான இணைச்சீர் நடப்பதற்குள் தாலி கட்டி முடிந்துவிடுகிறது. இதைச் சரிசெய்ய முடியுமா?

முடியும். கேமராவின் கடிகார நேரம் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் தகவலாகப் பதிந்திருக்கிறது. உங்கள் இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். இருவரும் ஒரே நொடியில் எடுத்த படத்தைத் தேடுங்கள். தாலி முடிச்சு விழும் நொடியை இருவருமே விட்டிருக்க மாட்டீர்கள். அந்த இரு படங்களின் நேர வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவையும் ஒரு கேமராவின் எல்லாப் படங்களுக்கும் மொத்தமாகக் கூட்டவோ குறைக்கவோ லைட்ரூம் என்ற திருத்தும் மென்பொருளிலும் இலவசமான டிஜிகாமிலும் வசதி இருக்கிறது. இதைப் பிரதியில் செய்யுங்கள். மூலத்தைத் தொட வேண்டாம். இனிமேல் மண்டபத்துக்குள் நுழைந்ததும், நொடி ஓடும் கைப்பேசிக் கடிகாரத்தை இரு கேமராவிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு தேடவே வேண்டியதில்லை.

அந்தியூரிலிருந்து: எங்கள் ஊர்க் கோயில் குண்டத்தை விடியற்காலையில் எடுத்தேன். நேரில் செக்கச்செவேலென்று இருந்த தணல் படத்தில் வெளிறிய மஞ்சள் பட்டையாக வந்திருக்கிறது. ரா முறையில் எடுத்திருந்தால் தப்பித்திருக்குமா?

ஓரளவு தப்பித்திருக்கும், ஆனால் முழுவதும் அல்ல. நடந்தது என்னவென்று முதலில் பார்ப்போம். சுற்றிலும் இருட்டு, அந்த இருட்டை வெளிச்சமாக்கிக் காட்டக் கேமரா கூடுதல் ஒளியை உள்ளே விட்டுவிட்டது. தணலில் சிவப்பே மிகுதி என்பதால் சிவப்பு அலைவரிசை உச்ச அளவான 255ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. அதன் பிறகும் பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போக, நிற்கும் சிவப்போடு ஏறும் பச்சை சேர்ந்து மஞ்சளாகிவிட்டது. தணல் துண்டுகளுக்கு இடையே இருந்த கருமையும் சாம்பல் விளிம்பும் அதில் கரைந்துபோயின. திரையில் எல்லா நிறங்களையும் சேர்த்துக் காட்டும் ஹிஸ்டோகிராம் (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் எனப் படத்தின் ஒளியைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காகத் தெரிந்திருக்கலாம். சிவப்பைத் தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்திருந்தால் அது வலது சுவரில் முட்டி நிற்பது தெரிந்திருக்கும்.

ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். கேமரா ஜேபெக்காகச் சுருக்கும்போது தள்ளிவிடும் பிரகாசமான பகுதி ராவில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். திருத்தும்போது ஹைலைட்டைக் கீழே இறக்கினால் அது திரும்பி வரும். ஆனால் சென்சாரே நிரம்பி வழிந்திருந்தால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஆகவே அடுத்த ஆண்டு ராவில் எடுங்கள், எக்ஸ்போஷரையும் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து எடுங்கள். விளக்கின் நிறம் எதுவானாலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா அந்தச் செம்மையையே குறையென்று நினைத்து நீலத்தைக் கலக்கும். பகல் வெளிச்சத்துக்கு உரிய 5,500 கெல்வின் அளவில் நிறுத்திவிடுங்கள். குண்டம் இறங்குபவரின் முகம் இருளாக வந்தாலும் கவலை வேண்டாம். நிழலை ராவில் மேலே தூக்கலாம், கொஞ்சம் புள்ளிகள் தெரியும், பொறுத்துக்கொள்ளலாம். எரிந்துபோன தணலுக்கு அப்படி ஒரு வழியும் இல்லை.

திருப்பூரிலிருந்து, பின்னலாடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கும் சகோதரி: அரக்கு நிற டி-ஷர்ட் படத்தில் ரத்தச் சிவப்பாகத் தெரிகிறது. பையர் சாம்பிளையும் படத்தையும் வைத்துப் பார்த்துவிட்டு எது சரி என்று கேட்கிறார். எந்த மென்பொருளில் திருத்துவது?

மென்பொருளுக்குப் போகும் முன் விளக்கைப் பாருங்கள். லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) பார்க்கும்போது லைட் பாக்ஸில் ஒருமுறை பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கிலும் ஒருமுறை கடை டியூப்லைட் போன்ற டிஎல்84 விளக்கிலும் வைத்துப் பார்க்கிறீர்கள் அல்லவா? ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு துணிகள் இன்னொரு விளக்கில் பிரிந்து தெரிவதை நம் ஊரில் உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. கேமராவுக்கும் அதே நிலைமைதான். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமும் டியூப்லைட் இன்னொரு பக்கமும் விழும் மேசையில் எடுத்தால், ஒரு தோள் நீலம் பாய்ந்தும் மறு தோள் பச்சை பாய்ந்தும் வரும். ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறு பக்கம் கெடும். ஜன்னலை மூடிவிட்டு, நிறம் காட்டும் திறன் 95க்கு மேல் என்று குறிக்கப்பட்ட ஒரே வகை விளக்குகள் இரண்டை வையுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் முதல் படத்தில் துணியின்மேல் சாம்பல் அட்டையை வைத்து எடுத்து, திருத்தும்போது ஒயிட் பேலன்ஸ் துளிசொட்டியால் அந்த அட்டையைத் தொட்டு, அதே அளவை மற்ற எல்லாப் படங்களுக்கும் ஒட்டிவிடுங்கள்.

அனுப்பும் கோப்பு, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் இருக்க வேண்டும். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்திருந்தால், அதைப் புரிந்துகொள்ளாத திரைகளில் படம் மங்கித் தெரியும். உங்கள் மானிட்டரையும் அளவுகருவி வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்; கடையில் வாங்கி வந்த அன்றைய பிரகாசத்திலேயே பெரும்பாலான மானிட்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெள்ளை பனியனுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை: வெண்மை கூட்டப் போடும் ரசாயனம் புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக வெளியிடுவதால், ஃபிளாஷில் எடுத்தால் நீலம் பூக்கும். அது உங்கள் கேமராவின் தவறு அல்ல.

காங்கேயத்திலிருந்து ஒரு பெரியவர்: விற்பனைக்காக மாடுகளைப் படம் எடுக்கிறேன். வெள்ளைப் பசு சாம்பலாகவும் காரி மாடு வெளிறியும் வருகிறது.

ஐயா, கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். வெள்ளை மாடு சட்டத்தை நிறைத்தால் வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடும், கருப்பு மாட்டுக்கு நேர்மாறாகச் செய்யும். வெள்ளைக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், கருப்புக்கு ஒரு ஸ்டாப் குறையுங்கள். கணினியில் வெளிச்சத்தைக் கூட்டலாம். ஆனால் முதுகின் மயிரோட்டம் மறையும் அளவுக்குப் போக வேண்டாம். திமிலின் கருமையைத் தனியாகத் தேர்ந்து ஆழப்படுத்துவதையும் தவிர்த்துவிடுங்கள். மாட்டை நேரில் வந்து பார்ப்பவர் படத்தோடு ஒப்பிடத்தான் செய்வார்.

நாமக்கல்லிலிருந்து: வாட்ஸ்அப்பில் வந்த படத்தை 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டேன், புகைமூட்டமாக இருக்கிறது.

வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தின் நீளப் பக்கத்தைச் சுமார் 1,600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அது ஐந்தே கால் அங்குலத்துக்குத்தான் போதும்; 18 அங்குலத்துக்கு 5,400 வேண்டும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லி மறுபடி வாங்குங்கள்.

தாராபுரத்திலிருந்து ஓர் ஆசிரியை: லைட்ரூமில் ஃபோல்டர்களின் பெயரில் கேள்விக்குறி வந்து, படங்கள் திறக்கவில்லை. மாதக் கட்டணம் இல்லாத மாற்று உண்டா?

அம்மா, படங்கள் எங்கும் போய்விடவில்லை. லைட்ரூம் கிளாசிக் படத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. படம் எந்த இடத்தில் இருக்கிறது, அதில் என்னென்ன திருத்தம் செய்தீர்கள் என்பதை மட்டும் கேட்டலாக் என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. ஃபோல்டரை வெளியே விண்டோஸில் நகர்த்தினாலோ பெயர் மாற்றினாலோ அந்த முகவரி பொய்யாகிவிடும். கேள்விக்குறி உள்ள ஃபோல்டரின்மேல் வலது சொடுக்கி, காணாமல் போன ஃபோல்டரைத் தேடும் கட்டளையைக் கொடுத்துப் புதிய இடத்தைக் காட்டினால் திருத்தங்களுடன் திரும்ப வரும். இனி நகர்த்துவதை லைட்ரூமுக்குள்ளேயே செய்யுங்கள். படங்களுக்குப் பிரதி எடுக்கும்போது கேட்டலாக்குக்கும் எடுங்கள். அது போனால் செய்த திருத்தமெல்லாம் போய்விடும்.

இலவச மாற்றுகளில் ரா கோப்பைத் திருத்த டார்க்டேபிள், அடுக்கி வைக்கவும் குறிச்சொல் இடவும் டிஜிகாம். டார்க்டேபிள் முதல் இரண்டு வாரம் கையில் பிடிபடாது. பொறுமையாக இருந்தால் எந்தக் குறையும் தெரியாது. அது திருத்தங்களை ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் சிறு கோப்பாக எழுதி வைப்பதால், ஃபோல்டரோடு திருத்தமும் கூடவே வரும் என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

சென்னிமலையிலிருந்து: அப்பாவின் ஸ்டூடியோ நெகட்டிவ்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. எந்த அளவில் ஸ்கேன் செய்வது?

35 எம்எம் நெகட்டிவின் ஒரு சட்டம் 36க்கு 24 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 3,200 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 14 மெகாபிக்சல் கிடைக்கும். பெரும்பாலான தேவைக்கு அது போதும். டிஃப் கோப்பாக 16 பிட்டில் சேமியுங்கள். ஸ்கேனரில் அகச்சிவப்புக் கதிரால் தூசியை நீக்கும் வசதி இருந்தால் வண்ண நெகட்டிவுக்குப் பயன்படுத்தலாம். கருப்பு வெள்ளைக்கு அணைத்துவிடுங்கள். அதில் உருவத்தைத் தாங்கும் வெள்ளியே அகச்சிவப்பை மறைத்துவிடுவதால், மென்பொருள் முகத்தையே தூசி என்று எண்ணி அழிக்கும். ஏதாவது ஒரு பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி வாடை அடித்தால், அது அசிடேட் சுருள் சிதைவதன் அறிகுறி. அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, முதலில் அதையே ஸ்கேன் செய்யுங்கள்.

வால்பாறையிலிருந்து: மழைக்காலம் முழுவதும் ஈரம்தான். ஹார்ட் டிஸ்க்கை எப்படிக் காப்பது?

காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்திக்கொள்ளலாம். லென்ஸையும் அப்படியே வைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆனால் எவ்வளவு காத்தாலும் ஒரே டிஸ்க்கை நம்ப வேண்டாம். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரவச் செய்த கணக்கு ஒன்று உண்டு: பிரதி மூன்று, சேமிக்கும் சாதன வகை இரண்டு, பிரதிகளில் ஒன்று வேறு இடத்தில். பொள்ளாச்சியிலோ கோவையிலோ உறவினர் வீட்டு அலமாரியில் ஒரு டிஸ்க் இருக்கட்டும். ஊருக்குப் போகும்போதெல்லாம் அதை மாற்றி எடுத்து வாருங்கள்.

பவானியிலிருந்து: பிள்ளைகள் கேமராவில் எல்லாப் படங்களையும் அழித்துவிட்டார்கள். ஏதாவது வழி உண்டா?

கார்டை இப்போதே கழற்றி, பக்கவாட்டில் உள்ள பூட்டுப் பொத்தானைத் தள்ளி வையுங்கள். அழிக்கும்போது பெரும்பாலும் அட்டவணையில் உள்ள குறிப்பு மட்டுமே போகிறது; படத்தின் தரவு, அதன்மேல் வேறு படம் எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். ஒரே ஒரு புதிய படம் எடுத்தாலும் பழையதில் ஒன்று போகலாம். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் கார்டை அலசி, மீட்பவற்றை அந்தக் கார்டிலேயே அல்லாமல் கணினியில் சேமியுங்கள். பழைய பெயர்கள் திரும்பி வராது, எல்லாம் புரியாத எண்களாக வரும். ஆனால் எடுத்த நேரம் ஒவ்வொரு படத்துக்குள்ளும் இருக்கிறது. ஈரோட்டு நண்பருக்குச் சொன்னதுபோல நேரப்படி அடுக்கினால் வரிசை கிடைத்துவிடும்.