கனடாவில் குழந்தைகளோடு குடியேற டொராண்டோவா, மாண்ட்ரியலா?

வாடகையை மட்டும் பார்த்தால் மாண்ட்ரியல்தான். குழந்தைக் காப்பகச் செலவிலும் அதற்கே சாதகம்: மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணம் 1997-இல் நாளுக்கு 5 டாலர் என்று மானியக் காப்பகங்களைத் தொடங்கியது, கட்டணம் இன்றும் குறைவுதான். இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

ஆனால் முடிவெடுக்க வைப்பது பிரெஞ்சு மொழி. 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிரந்தரமாகக் குடியேறுபவர்களின் பிள்ளைகள் பொதுவாக பிரெஞ்சுவழி அரசுப் பள்ளியில்தான் சேர முடியும். நாலைந்து வயதுப் பிள்ளை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பத்தாம் வகுப்புப் பிள்ளையை அப்படிக் கொண்டுபோய் விடாதீர்கள், பாவம். பெரியவர்களுக்கும் பிரெஞ்சு இல்லாவிட்டால் பல வேலைகள் கைக்கு எட்டாது.

டொராண்டோவில் ஆங்கிலமே போதும். நகருக்குள்ளேயே ஸ்கார்பரோ, பக்கத்திலேயே மார்க்கம் என்று தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைந்த பகுதிகள். குளிரும் பனியும் மாண்ட்ரியலைவிடக் குறைவு.

அப்புறம், விண்ணப்பிக்கும் முன்பே கவனியுங்கள்: கியூபெக் தன் குடியேறிகளைத் தானே தேர்ந்தெடுக்கிறது. கனடா மத்திய அரசின் குடியேற்ற விண்ணப்ப முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக வருபவர்கள் கியூபெக்குக்கு வெளியே வாழப்போவதாகச் சொல்லித்தான் விண்ணப்பிக்க வேண்டும். மாண்ட்ரியல் என்றால் பிரெஞ்சு வகுப்பை இங்கிருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.