கேந்தி என்று வாங்கியது கேந்திதானா?

"பூ அதே மாதிரிதான் இருந்துச்சு, ஆனா..." என்று ஆரம்பிக்கிற கடிதங்கள் கொஞ்சம் சேர்ந்துவிட்டன. அதில் ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

பெருமாள்புரத்திலிருந்து ஒரு வாசகி: அண்ணாச்சி, பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ரோஸ், வெள்ளை என்று தொட்டி கொள்ளாமல் பூ. சித்திரை வெயிலிலும் வாடவில்லை. ஆசைப்பட்டு அதே பூவை நர்சரியில் நான்கு தொட்டி வாங்கி வந்தேன். மத்தியானத்துக்குள் துவண்டுவிடுகிறது, தண்ணீர் ஊற்றினால் எழுந்திருக்கிறது. பத்து நாளில் இரண்டு தொட்டி அழுகிவிட்டது. எங்கே தப்பு செய்தேன்?

உங்கள் கையில் தப்பு ஒன்றும் இல்லை தாயி, ரெண்டும் வேறு வேறு செடி. அவர்கள் வீட்டில் இருப்பது நித்தியகல்யாணியின் ஹைபிரிட் ரகம். சுடுகாட்டு மல்லி என்று நாம் வீட்டில் வைக்கத் தயங்கிய அதே செடிதான், இப்போது 'வின்கா' என்ற பெயரில் விலைக்கு வருகிறது. செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1759-இல் இதற்கு வைத்த பெயர் வின்கா ரோசியா. பிறகு அதை வேறு பேரினத்துக்கு, அதாவது வேறு செடிக் கூட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஆனால் நர்சரிக்காரர்கள் பழைய பெயரை விடவில்லை. நீங்கள் வாங்கியது இம்பேஷன்ஸ், நம் காசித்தும்பைக்குப் பங்காளி.

நேருக்கு நேர் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். ரெண்டிலும் தட்டையாக விரிந்த ஐந்து இதழ். பூவைத் திருப்பிப் பாருங்கள். இம்பேஷன்ஸுக்குப் பின்னால் நூல் மாதிரி வளைந்த ஒரு வால் தொங்கும். நித்தியகல்யாணிக்கு வால் கிடையாது, நேரான மெல்லிய குழாய்தான். இலையும் காட்டிக்கொடுக்கும்: நித்தியகல்யாணி இலை எண்ணெய் தடவினது போல மினுங்கும், நடு நரம்பு வெளுப்பாக ஓடும். இம்பேஷன்ஸ் இலை ஓரத்தில் ரம்பப் பல் இருக்கும், தண்டு கண்ணாடி மாதிரி நீர் கோத்து நிற்கும்.

இம்பேஷன்ஸ் கிழக்கு ஆப்பிரிக்காவில் மர நிழலில், ஈரத்தில் வளர்ந்த செடி. அதை நம் மொட்டை மாடியில் வைத்தால் என்ன செய்யும்? மீதி இரண்டு தொட்டியையும் கீழே வடக்குப் பார்த்த நடைக்கு இறக்கிவிடுங்கள். மாடிக்கு நித்தியகல்யாணியே வாங்குங்கள். மடகாஸ்கர் செடி, வெயில் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதன் எமன் தண்ணீர். வீட்டுக்கு வீடு ஆற்றுத் தண்ணீர் வருகிறதே என்று காலையும் மாலையும் ஊற்றினால் வேர் அழுகிப் போகும். மேல் மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். ஐப்பசி மழை தொடங்கியதும் தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேட்கவில்லை என்றாலும். சர்க்கரைக்கு நல்லது என்று நித்தியகல்யாணிப் பூவையும் இலையையும் வெறும் வயிற்றில் மெல்லுகிறவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் அதே சர்க்கரைச் சங்கதியைத்தான் ஆராயப் போனார்கள். எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்தன. அந்த வழியில்தான் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் கிடைத்தது. அந்தச் சரக்கு உள்ள இலையை அளவு தெரியாமல் மெல்ல வேண்டாம்.

சங்கரன்கோவில் வாசகர்: வீடியோவில் 'மேரிகோல்டு' களிம்பு செய்வதைக் காட்டினார்கள். நம் கேந்திப் பூவில் (செண்டுமல்லி) செய்யலாமா?

வேண்டாம். அவர்கள் கையில் இருந்தது காலண்டுலா, மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி. ஆங்கிலத்தில் ரெண்டுக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டதால் வந்த குழப்பம் இது. நம் கேந்தி மெக்சிகோவிலிருந்து வந்தது. அதற்கு 'ஆப்பிரிக்கன் மேரிகோல்டு' என்று பெயர் வைத்தவர்களை என்ன சொல்ல! கேந்தி இலை சீப்பு மாதிரி பிரிந்திருக்கும், கசக்கினால் நெடி மூக்கில் ஏறும். காலண்டுலா இலை பிரியாமல் நீளமாக, தொட்டால் பிசுபிசுக்கும். விதையில் சந்தேகமே வராது: கேந்தி விதை கறுத்த குச்சி, காலண்டுலா விதை சுருண்ட புழு. வளர்க்க ஆசை என்றால் ஐப்பசி கடைசியில் விதையுங்கள், தையில் பூக்கும், பங்குனி வெயிலில் முடிந்துவிடும்.

சேரன்மகாதேவி வாசகர்: கன்னடியன் கால்வாய்க் கரையில் ஊதா நிறத்தில் பெட்டூனியா மாதிரி பூத்துக் கிடக்கிறது. பிடுங்கி வந்து வீட்டில் வைக்கலாமா?

காலையில் பூத்து மாலைக்குள் கொட்டிவிடுகிறதா? இலை ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கிறதா? அப்படியென்றால் அது ரூயெல்லியா. பள்ளிக்கூடத்தில் காய்ந்த காயை எச்சிலில் நனைத்து அடுத்தவன் சட்டைக்குள் போட்டு 'பட்'டென்று வெடிக்க வைப்போமே, அந்தப் பட்டாசுக்காய்ச் செடியின் இனம். கரையில் இலை ஒல்லியாக நீண்டு, ஆளின் இடுப்பு உயரம் நின்றால் அது அதே இனத்தில் இன்னொன்று, 'மெக்சிகன் பெட்டூனியா' என்று விற்பார்கள். பெட்டூனியாவுக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பெட்டூனியா கத்தரி, தக்காளிக் குடும்பம். இலையைத் தொட்டால் விரலில் ஒட்டும். ரூயெல்லியா கனகாம்பரத்தின் குடும்பம். கனகாம்பரம் போட்டவர்களுக்குத் தெரியும், காய்ந்த கதிரில் ஈரம் பட்டாலே விதை தெறித்துவிடும்.

வைக்கலாமா என்றால், யோசித்து வையுங்கள். நான் ஒரு நர்சரியில் 'வெயில் தாங்குகிற பெட்டூனியா' என்று சொல்லிக் கொடுத்த ஆறு நாற்றை நம்பி வாங்கிக் கிணற்றடியில் நட்டேன். வெயில் தாங்கியது உண்மைதான். ஐந்து வருஷம் ஆகிறது, துவைக்கிற கல் இடுக்கில் முளைப்பதை இன்னமும் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். வேண்டுமென்றால் தொட்டியில் மட்டும் வையுங்கள், காய் பழுக்கும் முன் கிள்ளிவிடுங்கள். நிஜப் பெட்டூனியாதான் வேண்டும் என்றால் மழை ஓய்ந்த மார்கழியில் நாற்று நடுங்கள். மாசி வரை கண்கொள்ளாமல் பூக்கும். அதற்கு மேல் அதைக் காப்பாற்ற முயன்று மனசு உடைய வேண்டாம்.

வள்ளியூர் வாசகி: டேபிள் ரோஸ் வாங்கினேன். ஒன்றில் ஊசி இலை, ஒன்றில் பருப்புக்கீரை மாதிரி தட்டை இலை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. ரெண்டும் பருப்புக்கீரையின் சொந்தம்தான், இனம் வேறு. கவனிப்பு ஒன்றே: நல்ல வெயில், குறைந்த தண்ணீர், ஒடித்து நட்டால் போதும். தட்டை இலைக்காரியைக் களை என்று பிடுங்கிவிடாதீர்கள், என் வீட்டில் அது நடந்திருக்கிறது.

திசையன்விளை வாசகர்: வேலியோரம் மஞ்சள் பூச்செடி. ஒருவர் அலமண்டா என்கிறார், ஒருவர் அரளி என்கிறார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு.

பூ அகல விரிந்து, கணுவுக்கு மூன்று நான்கு இலை சுற்றி இருந்தால் அலமண்டா. அதன் காயில் முள் இருக்கும். பூ பாதி மூடிய புனலாகவே நின்று, இலை கத்தி போல ஒல்லியாக, ஒன்றுவிட்டு ஒன்றாக இருந்தால் மஞ்சள் அரளி. அதன் பச்சைக் காய்க்குள் இருக்கும் பருப்பு இதயத்தை நிறுத்தக்கூடிய விஷம். அலமண்டாவின் பாலும் வயிற்றுக்கு ஆகாது, ஆனால் அரளி அளவுக்கு இல்லை. படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே கீழே கிடக்கும் காய்களைப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதையுங்கள். அரளிதான் என்று தெரிந்தால் வெட்டிவிடுங்கள். வெட்டிய கிளையை அடுப்பில் வைக்காதீர்கள், ஆட்டுக்கும் போடாதீர்கள்.