சிப்பிக் காளான் பாக்கெட்டுல "கறிக்கு சமம்"னு போடலாமா?

கேள்வி (சேரன்மகாதேவி பக்கம்): வைக்கோல்ல சிப்பிக் காளான் பெட் போட்டு, 200 கிராம் பாக்கெட்டா பாளையங்கோட்டை கடைகளுக்கு கொடுக்கேன் சார். வாங்குதவங்க கலோரி எவ்வளவு, புரோட்டீன் எவ்வளவுன்னு கேக்காவ. ஒரு கடைக்காரர், "25 சதவீதம் புரோட்டீன், கறிக்கு சமம்"னு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுதாரு. ஒட்டலாமா?

பதில்: அண்ணாச்சி, தயவுசெஞ்சு அத ஒட்டாதீங்க. 25 சதவீதம்ங்கது தண்ணி வத்தி காஞ்ச காளானுக்கு உள்ள கணக்கு, நீங்க விக்கது பச்சக் காளான், அதுல பத்துல ஒம்போது பங்கு தண்ணிதான். 100 கிராம் பச்சச் சிப்பிக் காளானுக்கு சுமாரா 33 கலோரி, புரோட்டீன் 3 கிராமுக்கு கொஞ்சம் மேல, நார்ச்சத்து 2 கிராம் சொச்சம், கொழுப்பு அரை கிராம் கூட வராது. மொட்டுக் காளான்னா கலோரி இன்னும் கம்மி, 22 தான். உங்க பாக்கெட்ட ஒருத்தரே முழுசா தின்னாலும் ஒரு முட்டையில உள்ள புரோட்டீன்தான் கிடைக்கும், கோழிக்கறில 100 கிராமுக்கே 20 கிராம் தாண்டிரும். புள்ளைக்கு முட்டை வேண்டாம் காளானே போதும்னு ஒரு தாய் அந்த ஸ்டிக்கர நம்பி நினைச்சிரக் கூடாதுல்லா, அதான் இவ்வளவு அழுத்திச் சொல்லுதேன்.

அதுக்காக காளான் மட்டம்னு இல்ல. கத்தரிக்கா, தக்காளில 100 கிராமுக்கு 1 கிராம் புரோட்டீன்தான், அத விட இது மூணு மடங்கு. நியாசின்ங்கற பி வைட்டமின் நல்லா இருக்கு, பொட்டாசியம் 400 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, உப்புச்சத்து ரொம்ப கம்மி. ஆனா பி12க்கு இத நம்பக்கூடாது, சைவக்காரங்க கேட்டா அத மறைக்காம சொல்லிருங்க. ஸ்டிக்கர்ல "100 கிராம் பச்சக் காளானில்"னு ஆரம்பிச்சு இந்த 33, 3 கணக்கயே போடுங்க, பறிச்ச தேதியும் இருக்கட்டும்.

வைட்டமின் டி பத்தி ஒண்ணு. காளான்ல எர்கோஸ்டீரால்னு ஒரு பொருள் இருக்கு, வெயில்ல உள்ள புற ஊதாக் கதிர் பட்டா அது டி2 ஆயிரும். உங்க ஷெட்டு இருட்டுல வளந்ததுல டி ரொம்ப கம்மியா இருக்கும். சமைக்கதுக்கு முன்னால அடிப்பக்கத்து மடிப்பு மேல பாக்குத மாதிரி முறத்துல பரப்பி உச்சி வெயில்ல ஒரு கால் மணி, அரை மணி நேரம் வச்சாப் போதும்னு வாங்குதவங்களுக்கு சொல்லிக் கொடுங்க, நம்ம ஊர் வெயில் சும்மாதான கிடக்கு.

கலோரி கேக்குதவங்க கிட்ட எண்ணெயையும் சொல்லணும். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயே 120 கலோரி, மாவுல முக்கிப் பொரிச்சா 33ங்கற கணக்குக்கு அர்த்தமே இல்ல. பச்சையா யாரும் திங்க வேண்டாம், நல்லா வேகட்டும். யூரிக் ஆசிட், மூட்டு வீக்கம் உள்ளவங்க டாக்டர கேட்டுக்கிடட்டும்.

இன்னொண்ணு, எடை கூடட்டும்னு பறிக்கதுக்கு முன்னால காளான் மேல தண்ணி அடிக்காதீங்க. விரலால அமுக்கினா தண்ணி கசியுத காளான் சத்துலயும் கம்மி, மறுநாளே கொழகொழன்னு ஆயிரும். ஓரம் சுருள ஆரம்பிக்கதுக்கு முன்னாலயே பறிச்சி, கவர்ல ரெண்டு மூணு ஓட்டை போட்டு அனுப்புங்க.